இரு கண்ணும் திறந்த வாரியம்

கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் பவர் எவ்வளவு என்று கேட்பார்கள், பிரேம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று மூன்று பேரிடம் கேட்பார்கள். என் இரண்டு கருமணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு கண்ணாடி வில்லையிலும், வெளிச்சம் வளையாமல் நேராகப் புகுந்து நேராக வெளியேறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் கருமணிக்கு எதிரே உட்கார வேண்டும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் வில்லை, ஒரு பக்கம் தடித்த மர ஆப்பு போல நடந்துகொள்ளும். பார்க்கிற பொருளை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டும். பவர் குறைவாக இருந்தால் கண் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளும். மைனஸ் ஏழு போட்டிருப்பவருக்கு வில்லை நாலே மில்லி விலகினாலும், ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆணி கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் நகர்ந்து நிற்கும். இரண்டு கண்ணுக்கும் எதிரெதிர்ப் பக்கமாக நகரும். அந்த இரண்டு ஆணிகளையும் ஒன்றாக்க, கண்ணை அசைக்கும் தசைகள் காலையிலிருந்து கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அது தலைவலி என்ற பெயரில் வெளியே வரும்.

நம் தச்சர் மைனஸ் ஏழு. தெருவில் அவருக்கு நூலண்ணன் என்று பெயர். அவர் செய்த கதவின் ஓரம் நூல் பிடித்தது போல இருக்கும் என்பதால் வந்த பெயர். ஒரு நாள் பட்டறையில் சாய்த்து வைத்திருந்த பலகை சரிந்து, மேசைமேல் இருந்த அவருடைய பழைய கண்ணாடியின் மேல் படுத்துக்கொண்டது. மிச்சத்தை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி கண்ணாடிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னண்ணே, இதைச் சலிச்சுல்ல எடுக்கணும்?"

"டாக்டர்கிட்ட புதுச் சீட்டு வாங்கிட்டோம்," என்றாள் மனைவி. "சீக்கிரம் போட்டுக் குடுங்க. நூலகத்துக்குப் படிக்கட்டு செஞ்சிட்டிருக்கார். பத்தொம்பது படி. பதினொண்ணுதான் முடிஞ்சிருக்கு."

கடைக்காரர் சீட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "பவர் இருக்கு. இந்தக் கட்டம் காலி. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவுன்னு வாரியம்தான் அளந்து எழுதணும்."

"உங்ககிட்ட ஸ்கேல் இல்லையா?"

"ஸ்கேல் இருக்கு, உரிமை இல்ல. போன மாசம் ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா ஸ்கேலை நீட்டினேன். வாசல்ல நின்ன இன்ஸ்பெக்டர் உள்ள வந்துட்டாரு. மீசை நேரா இருக்கான்னு பாக்குறேன்னு சொல்லித் தப்பிச்சேன்."

"பழைய கண்ணாடியை வெச்சு அளந்துக்கலாம்ல?" என்றார் தச்சர்.

கடைக்காரர் தாளை மறுபடி மடித்து மரியாதையாக அவர் கையில் கொடுத்தார்.

*

விழியிடை அளவை வாரியத்தின் கட்டடம் பெரியது. உள்ளே நுழைந்ததும் தச்சரின் கை தானாகவே எட்டி, கதவு நிலையின் மேல்பகுதியைத் தடவிப் பார்த்தது. நல்ல மரம், நல்ல வேலைப்பாடு. ஆனால் தரையிலிருந்து தலை உயரம் வரை அதன்மேல் பஞ்சு மெத்தை சுற்றிக் கட்டியிருந்தார்கள். அடுத்த கதவிலும் அப்படியே. தாழ்வாரத்தின் இருபுறமும் கைப்பிடிக் கம்பி ஓடியது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கூஜா தண்ணீர், அதன் பக்கத்தில் தலைவலி மாத்திரை அட்டை.

"குழந்தைங்க நிறைய வருவாங்க போல," என்றார் தச்சர், மெத்தையை அமுக்கிப் பார்த்து.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் மனைவி. கட்டடத்தில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அளவெடுக்கும் அலுவலர், அதாவது அளவர், அழைத்தார். ஒன்பது வருட அனுபவம் உள்ள அம்மையார். மூக்கின் மேல் வாரியமே அளந்து கொடுத்த கண்ணாடி. அவர் எழுந்து வந்து, தச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட நீட்டிய கை நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. பிறகு பூட்டிய பெட்டியைத் திறந்து, வெல்வெட் துணியிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். பள்ளிக்கூடப் பைகளில் இருக்கும் அதே பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல்தான். பக்கத்தில் ஒரு எழுத்தர் சாட்சியாக உட்கார்ந்து, ஸ்கேல் வெளியே வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினார்.

"தாடையை இதுமேல வைங்க. நான் முகத்தை ஆட்ட மாட்டேன்னு இங்க கையெழுத்துப் போடுங்க."

தச்சர் தாடையை வைத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"எங்க பாக்கணும் மேடம்?"

"இயக்குநரைப் பாருங்க."

"இயக்குநர் எங்க?"

"சுவத்துல."

அளவரின் தலைக்குப் பின்னால், சுவரில், இயக்குநரின் படம் மாட்டியிருந்தது. கண்ணாடி இல்லாத தச்சருக்கு அது ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. அதையே பார்த்தார். அளவர் ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்துவிட்டு இரண்டு கண்களையும் அகலத் திறந்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

"மேடம், ஒரு கண்ணை மூடிக்கலையா?" என்றார் தச்சர். "பலகை நேரா இருக்கான்னு பாக்கறப்ப நான் மூடிப்பேன். இல்லன்னா கோடு ரெண்டாத் தெரியும்."

எழுத்தரின் பேனா நின்றது. அளவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அதையெல்லாம் இங்க சத்தமா பேசாதீங்க," என்றார் மெதுவாக.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கண்ணிடைத் தூரத்தை ஒரு சாதாரண ஸ்கேலால் சரியாக அளக்கலாம். அதற்கு ஓர் எளிய தந்திரம் இருக்கிறது. அளப்பவர் ஒரு கை தூரத்தில், அதே உயரத்தில், எதிரே உட்கார வேண்டும். தன் வலது கண்ணை மூடிக்கொண்டு, "என் இடது கண்ணைப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். எதிராளியின் வலது கருமணிக்கு நேரே ஸ்கேலின் சுழியை வைக்க வேண்டும். பிறகு ஸ்கேலை அசைக்காமல், மூடிய கண்ணைத் திறந்து, திறந்த கண்ணை மூடி, "இப்ப என் வலது கண்ணைப் பாருங்க" என்று சொல்லி, மற்ற கருமணிக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு கண்ணும் தனக்கு எதிரே உள்ள கண்ணை மட்டும் பார்ப்பதால் இரண்டு பார்வைகளும் தண்டவாளம் போல ஓடும். அளவு பிசகாது.

வாரியமும் ஒரு காலத்தில் அப்படித்தான் அளந்தது. பிறகு ஒரு நாள் அளந்துகொள்ள வந்த ஒரு பெண்மணி, தன்னை அளந்த ஊழியர் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று புகார் எழுதினார். ஒரு கண்ணால் மட்டும் இல்லை, மாற்றி மாற்றி இரண்டு கண்ணாலும் அடித்தார் என்றும், நடுவில் "என் கண்ணைப் பாருங்க" என்று இரண்டு முறை சொன்னார் என்றும் எழுதினார். புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பதினொரு பேர் கொண்ட விசாரணைக் குழு ஏழு மாதம் உட்கார்ந்தது. முடிவில் சுற்றறிக்கை நாற்பத்தொன்று பிறந்தது: கடமையில் இருக்கும்போது அலுவலர் எவரும் பொதுமக்கள் முன்னிலையில் ஒற்றைக் கண்ணை மூடலாகாது. பொதுமக்கள் அலுவலரின் கண்களைப் பார்க்கவும் தேவையில்லை. இயக்குநரின் படத்தைப் பார்த்தால் போதும்.

அன்றிலிருந்து வாரியத்தில் யாரும் கண்ணடிக்கவில்லை. யாரும் சரியாக அளக்கவும் இல்லை.

"ஐம்பத்தெட்டு," என்றார் அளவர். எழுத்தர் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் சான்றிதழ், முத்திரையிட்ட உறையில், நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 57.914 என்று இருந்தது.

"புள்ளிக்கு அப்புறம் இவ்வளவு எப்படிம்மா வந்துச்சு?" என்று தச்சர் பிறகொரு நாள் அளவரைக் கேட்டார்.

"முழு எண்ணுதான் நான் பாக்குறது," என்றார் அவர். "மில்லிக்குள்ள போறதெல்லாம் மேலளவர் போடுவார். அவர் சீனியர்."

*

புதிய கண்ணாடியில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. உலகம்தான் இடம் மாறியிருந்தது. எல்லாமே ஒரு சாண் கிட்டே வந்து நின்றன. தச்சர் தம்ளரை எடுக்கக் கை நீட்டினார், தம்ளருக்கு முன்னால் இருந்த காற்றைப் பிடித்து வாயருகே கொண்டுபோனார். கடைசிப் படி வந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தார், அது இன்னும் வரவில்லை. உளியை ஓங்கிச் சுத்தியால் அடித்தார், சுத்தி உளியை மதிக்கவில்லை.

அன்று மாலை அவர் அறுவை இயந்திரத்தின் முன்னால் போய் நின்றபோது, மனைவி சுவரோரமாகப் போய் ஃபியூஸைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"விரல் எத்தனை இருக்கு, எண்ணுங்க."

"பத்து."

"பத்தும் எனக்கு வேணும். கண்ணாடியைச் சரி பண்ணிட்டு வாங்க, தரேன்."

அவளும் பட்டறையில் வேலை செய்கிறவள். பாலிஷ் அவள் கை. நீளப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, இவரைவிடக் கறாராகக் கோணல் சொல்பவள். அவளிடம் வாதாடிப் பயனில்லை என்பது இருபது வருடத்தில் தச்சருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாரியத்துக்கு மேல்முறையீடு எழுதினார்.

மேல்முறையீடு என்றால் மேலளவரே நேரில் அளப்பார். உயரமான மனிதர், உட்கார்ந்தாலும் தச்சரைவிட ஒரு தலை உயரம். அந்த வாரம் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் இயக்குநரின் படத்தைக் கழற்றி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். விதிப்படி தச்சர் ஜன்னலைப் பார்த்தார். மேலளவர் விதிப்படி இரு கண்களையும் திறந்து தச்சரைப் பார்த்தார். இருவரின் பார்வையும் எங்கேயும் சந்திக்கவில்லை.

"எழுபத்து மூணு புள்ளி இரண்டு பூஜ்யம் ஆறு," என்றார் மேலளவர், ஸ்கேலைக் கீழே வைக்கும் முன்பே.

இந்த முறை வில்லைகளின் நடு காதுப் பக்கமாக ஓடிவிட்டது. பகலெல்லாம் எப்படியோ சமாளித்த தச்சரின் கண்கள் மாலையானால் கயிற்றை விட்டுவிடும். வாசலில் இரண்டு தெருவிளக்கு, கூரையில் இரண்டு மின்விசிறி. அவர் பட்டறையின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு மறுகோடியைப் பார்த்தார்.

"நீ ரெண்டு பேரா தெரியற."

"ஒருத்தி பேச்சையே கேக்க மாட்டீங்க," என்றாள் மனைவி. சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கைப்பையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஓரத்தில் பன்னிரண்டாவது படிக்கு அறுத்து வைத்திருந்த பலகையின் மேல் தூசி படிந்திருந்தது.

தச்சர் ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். மனைவி ஒருத்தியானாள். ஒற்றைக் கண் பார்வையில் சண்டை போட இன்னொரு கண் இல்லை, ஆகையால் எந்தக் கண்ணாடியும் இரண்டு காட்டாது. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல இரண்டு கண்ணும் வேண்டும். பலகையின் ஓரத்தைப் பார்க்க ஒரு கண் போதும், சுழலும் ரம்பத்தின் பக்கத்தில் கை வைக்க ஒரு கண் போதாது.

இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு அவர் மறுபடி வாரியத்துக்குப் போனார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பதினைந்து மில்லிக்கு மேல் வித்தியாசம் என்று எடுத்துச் சொன்னார். வாரியம் இதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. வாரியத்தின் அளவுகள் இரண்டும் மூன்று தசமம் வரை துல்லியமானவை. ஆகவே அசைந்தது வாரியம் இல்லை. பத்து நாளில் கடிதம் வந்தது:

'தங்களது விழியிடை நிலையற்றது எனத் தெரியவருகிறது. அலையும் விழியுடையோர் சுழலும் இயந்திரங்களைக் கையாள்வது பாதுகாப்பன்று. வரும் வியாழன் விசாரணைக்கு ஆஜராகவும். நிலையின்மை உறுதிசெய்யப்பட்டால் தங்கள் அறுவை இயந்திரம் ஐந்து ஆண்டுகளுக்கு முத்திரையிடப்படும்.'

மனைவி படித்து முடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து ஃபியூஸைப் பார்த்தாள். அவள் கழற்றியது கண்ணாடி சரியாகும் வரைக்கும். இவர்கள் கழற்றுவது ஐந்து வருடத்துக்கு.

"வியாழக்கிழமை நானும் வரேன்," என்றாள்.

*

விசாரணை அறையில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்ததைவிட மென்மையான முகம். ஒரு பக்கம் மேலளவர், மறுபக்கம் கோப்புடன் அந்த அளவர் அம்மையார். மூவர் மூக்கிலும் வாரியக் கண்ணாடி.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று இயக்குநர் தொடங்கினார். "இந்த வாரியம் இதுவரைக்கும் நாலு லட்சம் பேரை அளந்திருக்கு. அளவு தப்புன்னு ஒருத்தர்கூட என் அறைக்கு வந்ததில்ல."

"வர்றவங்களைக் கீழேயே நிறுத்திடறோம் சார்," என்றார் மேலளவர் அடக்கத்துடன்.

"பாத்தீங்களா, அது நிர்வாகம். தலைவலி வருதுன்னு சொல்றீங்க. எனக்கும்தான் வருது. வாரியக் கண்ணாடி போட்ட நாள்லேர்ந்து ஒன்பது வருஷமா வருது. அதுக்காக நான் அளவைக் குறை சொன்னேனா? மாத்திரை பிரிவுன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சேன். இன்னிக்கு அதுல பதினாலு பேர் வேலை செய்றாங்க."

சொல்லிக்கொண்டே கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தம்ளருக்கு இரண்டு அங்குலம் முன்னால், கோப்பின் மேல் நிதானமாக விழுந்தது. அளவர் அம்மையார் பழக்கமான கையால் ஒரு துணியை எடுத்துத் துடைத்தார்.

"உங்க கேஸ்ல பிரச்சினை என்னன்னா," என்றார் இயக்குநர், "ஒரே மூக்கு, ரெண்டு எண். மூக்கு நகர்ந்திருக்கணும், இல்லன்னா கண்ணு நகர்ந்திருக்கணும். அறிவியல்ல மூணாவது வழி கிடையாது."

"ஸ்கேல் நகர்ந்திருக்கலாம்ல ஐயா?" என்றார் தச்சர்.

"ஸ்கேல் பெட்டியில பூட்டி இருக்கு," என்றார் மேலளவர், மனம் புண்பட்டு.

இயக்குநர் கோப்பிலிருந்த உத்தரவில் 'உறுதிசெய்யப்பட்டது' என்ற இடத்தின் மேல் பேனாவை வைத்தார். பேனா மேசைவிரிப்பில் எழுதியது. நிறுத்தி, கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டார். "இந்தக் கட்டடமே கோணல். மேசை கோணல், கதவெல்லாம் இடம் மாறிக்கிட்டே இருக்கு. பஞ்சு சுத்தி வெச்சும் போன மாசம் மூணு பேருக்கு நெத்தியில தையல். எல்லாக் கதவையும் இடிச்சு அகலமாக்கச் சொல்லி உத்தரவும் போட்டாச்சு..." அவர் தலை நிமிர்ந்தது. "நீங்க தச்சர்தானே? இந்தக் கதவைப் பாருங்க. எவ்வளவு கோணல்னு சொல்லுங்க. இதை அப்புறம் பாப்போம்."

தன் தொழில் பற்றிய கேள்வி வந்ததும் தச்சர் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்தார். எழுந்து போய்ப் பஞ்சு மெத்தையை அவிழ்த்தார். தரையில் மண்டியிட்டு, கன்னத்தை நிலையோடு ஒட்டி வைத்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் கீழிருந்து மேலே பார்த்தார்.

"சார், மூடிட்டார்!" என்று எழுந்தார் மேலளவர்.

அளவர் அம்மையார் சுற்றறிக்கையைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "அலுவலர் எவரும்னுதான் போட்டிருக்கு சார். தச்சரைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"கதவு நேரா இருக்கு ஐயா," என்றார் தச்சர், தரையிலிருந்தே. "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்."

"அப்புறம் ஏன் எல்லாரும் முட்டிக்கறோம்?"

தச்சர் மரியாதைக்காக, அவிழ்த்த மெத்தையை மறுபடி சுற்றத் தொடங்கினார். அவர் மனைவி பேசினாள். "கோணல் கதவுல இல்லீங்க, உங்க மூக்கு மேல இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்து இயக்குநருக்கு எதிரே போட்டாள். கணவரின் சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை உருவினாள். பட்டறையில் தேய்ந்த ஸ்கேல், ஒரு ஓரத்தில் பாலிஷ் கறை.

"நானும் அலுவலர் இல்லீங்களே?"

சுற்றறிக்கையில் இதற்கும் பதில் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி வாங்க. படத்தைப் பாக்க வேண்டாம், படம் நீங்கதானே. என் இடது கண்ணைப் பாருங்க." வலது கண்ணை மூடினாள். "ஆடாதீங்க. இப்ப வலது கண்ணைப் பாருங்க."

இயக்குநர் பார்த்தார். முகம் லேசாகச் சிவந்தது. "வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து என்னை யாரும் இவ்வளவு நேராப் பாத்ததில்லம்மா," என்றார்.

"அறுபத்தொம்பது," என்றாள் அவள். "உங்க சான்றிதழ்ல எவ்வளவு?"

அளவர் அம்மையார் சொல்லலாமா என்று இயக்குநரைப் பார்த்தார். சான்றிதழில் உள்ள எண்ணை வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. எண் வாரியத்தின் சொத்து. ஆனால் இயக்குநரே வாரியம் என்பதால் சொன்னார்: "அறுபத்தொண்ணு புள்ளி நாலு எட்டு பூஜ்யம் சார்."

இயக்குநர் குனிந்து, மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, ஒரு பழைய கண்ணாடியை எடுத்தார். ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டார். கூஜாவை எடுத்துத் தண்ணீரைத் தம்ளரில், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

"வாரியத்துக்கு முன்னாடி போட்டது," என்றார். "வீட்டுக்குக் கிளம்பறப்ப இதைத்தான் மாட்டிக்கறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா தடுமாறக் கூடாதுல்ல."

மேலளவரின் கை மெதுவாகத் தன் சொந்தப் பையை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"அப்ப சுற்றறிக்கையை எடுத்துடலாமே ஐயா," என்றார் தச்சர்.

"அதுக்கு, அதைப் போட்ட பதினொரு பேரும் மறுபடி கையெழுத்துப் போடணும். மூணு பேர் இப்ப இல்ல."

"ரிட்டயர் ஆயிட்டாங்களா?"

"இல்ல, உலகத்துலயே இல்ல."

இப்போது பேசியது அளவர் அம்மையார். ஒன்பது வருடமாக இரு கண்ணும் திறந்திருந்த அவர், இரண்டையும் கோப்பின் மேல் தாழ்த்திக்கொண்டு மெல்லச் சொன்னார். "சார், கதவு வேலைக்குன்னு ஏற்கெனவே உத்தரவு போட்டிருக்கோம். கதவு அளக்கறப்ப கண்ணை மூடக்கூடாதுன்னு எங்கேயும் இல்ல. இரட்டைக் கதவுப் படிவத்துல, ரெண்டு குமிழுக்கும் நடுவுல தூரம்னு ஒரு கட்டம் இருக்கு."

இயக்குநர் அவரை நேராகப் பார்த்தார். பழைய கண்ணாடியில் அது முடிந்தது.

அன்றே, அந்த அறையிலேயே, தச்சரின் மனைவி தச்சரை அளந்தாள். மேலளவர் தம் கையால் படிவத்தை நிரப்பினார். பொருள்: இரட்டைக் கதவு. நிறம்: மாநிறம். உயரம்: ஐந்தடி ஏழு அங்குலம். குமிழ்களுக்கு இடையே: 66 மில்லி. ஆட்டம்: இல்லை. தசமம் போட இடம் தேடினார். கதவுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்சம் வாடிப்போனார்.

'ஆட்டம்: இல்லை' என்று வாரியமே முத்திரையிட்ட பொருளை நிலையற்றது என்று சொல்ல வழியில்லாததால், விசாரணை அத்துடன் கைவிடப்பட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் உறையைப் பிரித்து, படிவத்தை இரண்டு முறை படித்தார். தச்சரை மேலிருந்து கீழே பார்த்தார். "முத்திரை சரியா இருக்கு," என்றார். "எனக்கு எண்ணு வந்தாச் சரி. கதவுன்னா என்ன, அண்ணன்னா என்ன."

புதிய கண்ணாடியைப் போட்டதும் தச்சர் கடையின் கதவுக் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினார். கைப்பிடி, அது இருக்கும் இடத்திலேயே இருந்தது. பட்டறைக்கு வந்ததும் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து ஃபியூஸை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆனாலும் பன்னிரண்டாவது படி அறுக்கப்படும் வரை பக்கத்திலேயே நின்று விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் பத்தொன்பது படியும் நூலகத்தில் ஏறி நின்றன.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவள் எஃகு ஸ்கேலோடு வாரியத்துக்குப் போய்வந்தாள். கதவு அளவு பார்ப்பவர் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். ஊழியர்கள் கதவு வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள், முதல் ஆளாக மேலளவர். பிறகு பொதுமக்களும் வந்தார்கள். அளவர் அம்மையார் ஓய்வு நேரத்தில் அவளிடம் ஒற்றைக் கண் மூடப் பழகினார். பழக்கம் விட்டுப்போனதால் இரண்டும் சேர்ந்தே மூடிக்கொண்டன. கன்னத்தில் ஒரு விரலை வைத்து அமுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் கதவுகளிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்கள். மாத்திரைப் பிரிவின் பதினாலு பேருக்கு வேலை இல்லாமல் போனதால், கதவுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டறிக்கையில் இயக்குநர் எழுதினார்: 'கட்டடத்தின் கதவுகள் அனைத்தும் இவ்வாண்டு சீர்செய்யப்பட்டன. நெற்றிக் காயங்கள் முற்றிலும் நின்றன. சுற்றறிக்கை நாற்பத்தொன்று தொடர்ந்து வெற்றிகரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.' ஒரு கதவிலும் ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்துத் தச்சருக்கு வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொடி எழுத்து. அவர் அதைக் கை நீட்டி வாங்கினார், முதல் முறையிலேயே பிடித்தார், வாசலில் நின்றபடி தானே சத்தமாகப் படித்தார்.

'தங்கள் பெயரில் பதிவாகியுள்ள இரட்டைக் கதவுக்கு ஆண்டுப் பராமரிப்பு நிலுவையில் உள்ளது. கீல்களுக்கு எண்ணெய் இடப்பட்டதற்கான சான்றை முப்பது நாட்களுக்குள் அனுப்பவும்.'

மனைவி பலகையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். தேய்ப்பதை நிறுத்தினாள்.

"தப்பா எழுதலையே," என்றாள். "காலையில எழுந்திருக்கறப்ப உங்க முட்டி ரெண்டும் கிறீச்சிடுதுல்ல. உக்காருங்க, எண்ணெய் எடுத்துட்டு வரேன்."